எக்ஸ்எம்எல் உருவாக்கத்தில் பெயர் மோதல்

ஒரே பெயரை இரண்டு தரப்புகள் இரு வேறு பொருளில் பயன்படுத்தும்போது எழும் சிக்கல் பெயர் மோதல் எனப்படுகிறது. ரூபி, பைத்தான், பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட், கிரூவி போன்ற ஸ்கிரிப்ட் மொழிகளில் நிரல் எழுதி எக்ஸ்எம்எல் ஆவணங்களை உருவாக்கும்போது இச்சிக்கல் அடிக்கடி தோன்றுகிறது. ஆவணத்தில் இடம்பெற வேண்டிய ஓர் உறுப்பின் பெயர், நிரல்மொழியின் ஒதுக்குச்சொல்லாகவோ, நிரலகத்தில் ஏற்கனவே உள்ள செயற்கூறாகவோ, வேறொரு சொற்றொகுதியின் உறுப்பாகவோ இருக்கலாம். அப்போது எதைக் குறிக்கிறோம் என்பதைக் கணினி தன் விதிப்படி முடிவு செய்துகொள்ளும். அந்த முடிவு நிரலாளரின் எண்ணத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை.

சில மோதல்கள் நிரலை உடனே நிறுத்திவிடும். அவற்றால் பெரிய தீங்கில்லை. பிழைச்செய்தியைப் பார்த்துத் திருத்திவிடலாம். வேறு சில மோதல்களில் நிரல் தடையின்றி ஓடி முடியும்; கோப்பும் இலக்கணப்படி சரியாகவே இருக்கும்; ஆனால் உள்ளே ஒரு தரவு காணாமல் போயிருக்கும். கவனம் தேவைப்படுவது இவ்வகை மோதல்களுக்கே.

இக்கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டுகளில் உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர்களே இடப்பட்டுள்ளன. எக்ஸ்எம்எல் விதிகளின்படி அவை முற்றிலும் செல்லுபடியாகும். நிரல்மொழிகளில் ஆங்கில எழுத்தில் வழங்கும் பெயர்கள் ஒலிபெயர்ப்பாகத் தரப்பட்டுள்ளன.

எக்ஸ்எம்எல் பெயருக்கான விதிகள்

எக்ஸ்எம்எல் 1.0, உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக 1998 பிப்ரவரி 10 அன்று வெளியானது. இதில் குறிச்சொற்களின் பெயர்கள் முன்கூட்டியே வரையறுக்கப்படவில்லை. ஆவணத்தை வடிவமைப்பவர் தமக்கு வேண்டிய பெயர்களைத் தாமே வைத்துக்கொள்ளலாம். மொழியின் வலிமை இதுவே; பெயர் மோதலுக்கு வழி திறப்பதும் இதுவே.

பெயர் வைப்பதற்குச் சில கட்டுப்பாடுகள் மட்டும் உள்ளன:

- பெயர் ஓர் எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும். எண்ணிலோ சிறுகோட்டிலோ புள்ளியிலோ தொடங்கக் கூடாது.
- முதலெழுத்துக்குப் பின் எழுத்து, எண், சிறுகோடு, புள்ளி, அடிக்கோடு ஆகியவை வரலாம். இடைவெளி வரக் கூடாது.
- முக்காற்புள்ளி பெயர்வெளி முன்னொட்டைப் பிரித்துக் காட்டுவதற்கென ஒதுக்கப்பட்டது.
- எக்ஸ், எம், எல் என்ற மூன்று எழுத்துகளில் இதே வரிசையில் தொடங்கும் பெயர்கள், பெரிய எழுத்தானாலும் சிறிய எழுத்தானாலும், தரப்படுத்தலுக்கென ஒதுக்கப்பட்டவை.
- ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகவே கொள்ளப்படும்.

நிரல்மொழிகளின் பெயர் விதிகள் இவற்றோடு முழுமையாகப் பொருந்துவதில்லை. பெரும்பாலான ஸ்கிரிப்ட் மொழிகளில் மாறிப் பெயரின் நடுவே சிறுகோடு வந்தால் அது கழித்தல் குறியாகிவிடும். மறுபுறம், ரூபியில் செயற்கூறின் பெயர் வியப்புக்குறியில் முடியலாம். எக்ஸ்எம்எல் பெயரில் வியப்புக்குறிக்கு இடமில்லை. இரண்டு விதித்தொகுதிகளும் பகுதியளவே ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. பல மோதல்களுக்கும், சில நல்ல தீர்வுகளுக்கும் இந்த இடைவெளியே காரணம்.

மோதல் எழும் இடங்கள்

எக்ஸ்எம்எல் உருவாக்கத்தில் பெயர் மோதலை நான்கு வகையாகப் பிரிக்கலாம்:

1. மொழியின் ஒதுக்குச்சொற்களோடு மோதல்.
2. நிரலகத்தின் செயற்கூறுகளோடு மோதல்.
3. ஒரே ஆவணத்தில் கலக்கும் இரு சொற்றொகுதிகளுக்கு இடையே மோதல்.
4. தரவிலிருந்து எடுக்கப்படும் பெயர்கள் ஒன்றோடொன்று மோதுதல்.

முதல் இரண்டும் நிரலுக்கும் ஆவணத்துக்கும் இடையே நிகழ்பவை. பின்னிரண்டும் ஆவணத்துக்குள்ளேயே நிகழ்பவை. ஒரு வகைக்கான மருந்து மற்றொன்றைத் தீர்க்காது என்பதால், எது எவ்வகை என்று முதலில் அறிவது அவசியம்.

ஒதுக்குச்சொற்களோடு மோதல்

ஒவ்வொரு நிரல்மொழியும் சில சொற்களைத் தன் இலக்கணத்துக்கென ஒதுக்கி வைத்துள்ளது. பைத்தானில் கிளாஸ், ஃப்ரம், இம்போர்ட் போன்றவை அத்தகையவை. உடனடிச் செய்திப் பரிமாற்றத்துக்கான எக்ஸ்எம்பிபி நெறிமுறையில், செய்தி யாரிடமிருந்து வருகிறது என்பதைச் சொல்லும் பண்பின் பெயர் ஃப்ரம். பைத்தான் நிரலில் இப்பண்பைச் செயற்கூறின் பெயரிட்ட உள்ளீடாக எழுதினால், நிரல் ஓடத் தொடங்கும் முன்பே இலக்கணப் பிழை என்று நின்றுவிடும்.

இதற்கான தீர்வு எளியது. பண்பின் பெயரை மேற்கோள் குறிக்குள் சரமாக எழுதி, அகராதி அமைப்பு ஒன்றில் வைத்துச் செயற்கூறுக்கு அனுப்பினால் போதும். சரத்துக்குள் இருக்கும் சொல்லை மொழியின் இலக்கணம் பொருட்படுத்தாது.

ஜாவாஸ்கிரிப்ட் இதே சிக்கலை வேறுவிதமாகத் தீர்த்தது. எச்டிஎம்எல் ஆவணத்தில் கிளாஸ் என்றும் ஃபார் என்றும் உள்ள பண்புகள், நிரலில் கிளாஸ்நேம், எச்டிஎம்எல்ஃபார் என்ற மாற்றுப் பெயர்களில் வழங்குகின்றன. பழைய ஜாவாஸ்கிரிப்டில் ஒதுக்குச்சொல்லைப் புள்ளிக்குப் பின் பண்பின் பெயராக எழுத முடியாது. 2009இல் வெளியான எக்மாஸ்கிரிப்ட் 5 அதை அனுமதித்தது. ஆனால் அதற்குள் மாற்றுப் பெயர்கள் நிலைத்துவிட்டன. ஒருமுறை மோதலுக்கு அஞ்சி வைக்கப்பட்ட மாற்றுப் பெயர், மோதல் நீங்கிய பின்னும் நீங்குவதில்லை.

பிஎச்பி மொழியின் சிம்பிள்எக்ஸ்எம்எல் நிரலகத்தில் உறுப்புகளை அம்புக்குறியிட்டு அணுகலாம். உறுப்பின் பெயரில் சிறுகோடு இருந்தால் அது கழித்தலாகப் படிக்கப்படும். அப்போது பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, அதை நெளிவு அடைப்புக்குள் எழுத வேண்டும். இங்கும் மருந்து அதுவே: பெயரைச் சரமாக்குதல்.

நிரலகத்தின் செயற்கூறுகளோடு மோதல்

ஸ்கிரிப்ட் மொழிகள் பலவற்றில் எக்ஸ்எம்எல் உருவாக்கும் நிரலகங்கள் ஓர் அழகான உத்தியைக் கையாள்கின்றன. நிரலில் ‘நூல்’ என்றொரு செயற்கூறை அழைத்தால், அப்பெயரில் ஓர் உறுப்பு ஆவணத்தில் சேர்ந்துவிடும். நிரலகத்தை எழுதியவர் ‘நூல்’ என்ற செயற்கூறை எழுதி வைத்திருக்க மாட்டார். இல்லாத செயற்கூறு அழைக்கப்படும்போது மொழி ஒரு பொதுச் செயற்கூறிடம் அப்பெயரை ஒப்படைக்கிறது. ரூபியில் அதன் பெயர் மெத்தட்_மிஸ்ஸிங். அது பெயரை வாங்கி, குறிச்சொல்லாக மாற்றி எழுதுகிறது.

இந்த உத்தியால் நிரல் பார்ப்பதற்கு ஆவணத்தைப் போலவே தோன்றும், படிக்க எளிது. ஆனால் உத்தி வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: அப்பெயரில் வேறு செயற்கூறு இருக்கக் கூடாது. இருந்தால் மெத்தட்_மிஸ்ஸிங் அழைக்கப்படாது. இருக்கும் செயற்கூறே ஓடும்.

ரூபியின் நோகோகிரி நிரலகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் உருவாக்கியில் கமெண்ட் என்றொரு செயற்கூறு உள்ளது. ஆவணத்தில் விளக்கக் குறிப்பு எழுதுவது அதன் வேலை. வாடிக்கையாளரின் கருத்தைச் சேமிக்கும் உறுப்பின் பெயரும் கமெண்ட் என்றே இருப்பதாகக் கொள்வோம். நிரலாளர் எதிர்பார்ப்பது இது:

<பதிவு>
  <எண்>27</எண்>
  <கமெண்ட்>பொருள் உடைந்து வந்தது</கமெண்ட்>
</பதிவு>

கிடைப்பது இது:

<பதிவு>
  <எண்>27</எண்>
  <!--பொருள் உடைந்து வந்தது-->
</பதிவு>

இரண்டுமே நன்கு அமைந்த எக்ஸ்எம்எல் ஆவணங்கள்தாம். எந்தப் பிழைச்செய்தியும் வராது. கோப்பைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் வாசகம் படவும் செய்யும். ஆனால் பெறும் முனையில் உள்ள பகுப்பிக்கு விளக்கக் குறிப்பு தரவு அல்ல. பைத்தானின் எலிமெண்ட்ட்ரீ போன்றவை இயல்புநிலையில் குறிப்புகளைப் படிக்கும்போதே விட்டுவிடும். வாடிக்கையாளரின் குறை யாருக்கும் போய்ச் சேராது.

எஸ்விஜி படக்கோப்பு உருவாக்கும்போதும் இது நிகழும். படத்தில் எழுத்துகளை வரைய எஸ்விஜியில் டெக்ஸ்ட் என்ற உறுப்பு உண்டு. நோகோகிரியில் டெக்ஸ்ட் என்பது வெறும் வாசகத்தைச் செருகும் செயற்கூறு. எனவே குறிச்சொல் இல்லாமல் வாசகம் மட்டும் கோப்பில் இருக்கும்; படத்தில் எழுத்து தோன்றாது.

இதற்கு நோகோகிரி தரும் வழி, பெயரின் இறுதியில் ஓர் அடிக்கோடு சேர்ப்பது. ‘கமெண்ட்_’ என்று அழைத்தால் அப்பெயரில் செயற்கூறு இல்லை. அழைப்பு மெத்தட்_மிஸ்ஸிங்கிடம் செல்லும். அது இறுதி அடிக்கோட்டை நீக்கிவிட்டுக் கமெண்ட் என்ற உறுப்பை எழுதும். கிளாஸ், டைப், ஐடி ஆகிய பெயர்களுக்கு இவ்வழியைப் பின்பற்றுமாறு அதன் ஆவணங்களே அறிவுறுத்துகின்றன. ரூபி 1.8 காலம் வரை ஐடியும் டைப்பும் எல்லா நிரற்பொருள்களிலும் செயற்கூறுகளாக இருந்தன, 1.9இல் அவை நீக்கப்பட்டன. கிளாஸ் இன்றும் இருக்கிறது. 2005 டிசம்பரில் ஆர்எஃப்சி 4287 ஆக வெளியான ஆட்டம் செய்தியோடை வடிவத்தில் ஐடி கட்டாய உறுப்பு என்பதை நினைத்துப் பார்த்தால், இம்மோதல் எவ்வளவு எளிதில் வரக்கூடியது என்பது விளங்கும்.

சூழலிலிருந்து வரும் மோதல்

நோகோகிரி உருவாக்கியை இருவகையில் எழுதலாம். ஒன்றில் உருவாக்கிக்கு ஒரு பெயர் தந்து, ஒவ்வோர் உறுப்பையும் அப்பெயரோடு புள்ளியிட்டு அழைக்க வேண்டும். மற்றொன்றில் பெயரே தேவையில்லை. உறுப்புகளை நேரடியாக எழுதலாம். இரண்டாவது வகை சுருக்கமானது. ஆனால் இடர் மிகுந்தது.

ரூபியில் பி என்பது திரையில் அச்சிடும் செயற்கூறு. எச்டிஎம்எல்லில் பி என்பது பத்தியைக் குறிக்கும் உறுப்பு. இரண்டாவது வகையில் பி என்று எழுதினால் வாசகம் திரையில் அச்சாகும். ஆவணத்தில் பத்தி இராது. முதல் வகையில், உருவாக்கியின் பெயரோடு சேர்த்து அழைக்கும்போது, அதே பி சரியாகக் குறிச்சொல் ஆகிறது. பி தனிச் செயற்கூறாக வரையறுக்கப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து அதை அழைக்க இயலாது என்பதே காரணம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டாவது வகையில், உருவாக்கியிடம் இல்லாத பெயரை, நிரல் எழுதப்பட்டுள்ள சூழலின் நிரற்பொருளிடம் நோகோகிரி முதலில் தேடுகிறது. அங்கு அப்பெயரில் செயற்கூறு இருந்தால் அதுவே அழைக்கப்படும். இன்று சரியாக ஓடும் நிரல், நாளை வேறொருவர் அதே வகுப்பில் ‘விலை’ என்றொரு செயற்கூறைச் சேர்த்தவுடன், விலை உறுப்பை எழுதாமல் விடக்கூடும். மாற்றம் நிகழ்ந்த இடம் ஒன்று. பாதிப்பு தோன்றும் இடம் வேறு.

கிரூவியின் மார்க்கப்பில்டரிலும் இதே நிலைதான். அங்கு நிரல்துண்டுக்குள் அழைக்கப்படும் பெயர், இயல்பாக, அத்துண்டின் உரிமையாளரிடம் முதலில் தேடப்படுகிறது. அங்கு இல்லாவிட்டால்தான் உருவாக்கியிடம் செல்கிறது. உருவாக்கியையே வெளிப்படையாகச் சுட்டி அழைப்பது இரு மொழிகளிலும் பாதுகாப்பானது.

முன்கூட்டியே தவிர்க்கும் வடிவமைப்பு

ஜிம் வைரிச் எழுதிய பில்டர் என்ற ரூபி நிரலகம் இச்சிக்கலை வடிவமைப்பிலேயே குறைத்தது. அது இரண்டு முடிவுகளை எடுத்தது. முதலாவது, உருவாக்கியின் நிரற்பொருளை ஏறக்குறைய வெற்றுப் பலகையாக வைப்பது. எல்லாப் பொருள்களுக்கும் பரம்பரையாக வரும் செயற்கூறுகள் அதில் மறைக்கப்பட்டுள்ளன. இரண்டாவது, நிரலகத்துக்குத் தேவையான சொந்தச் செயற்கூறுகளின் பெயர்களை வியப்புக்குறியில் முடிப்பது. கமெண்ட்!, டெக்ஸ்ட்!, டேக்! என்பவை அப்படி அமைந்தவை. எக்ஸ்எம்எல் பெயரில் வியப்புக்குறி வரவே முடியாது என்பதால், எந்த உறுப்பின் பெயரும் இவற்றோடு மோத வழியில்லை.

கிரூவியின் மார்க்கப்பில்டர் தன் துணைச் செயற்கூறுகளை எம்கேபி என்ற ஒற்றைப் பெயருக்குள் அடக்கி வைத்துள்ளது. மோதக்கூடிய பெயர்களின் எண்ணிக்கை இதனால் குறைகிறது. நோகோகிரி வழியில் மோதலைத் தவிர்க்கும் பொறுப்பு பயன்படுத்துபவருடையது. பில்டர் வழியில் அது நிரலகத்தை எழுதியவருடையது. மோதக்கூடிய பெயர்களின் பட்டியலைப் பயனர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பதால், பின்னதே நல்ல வடிவமைப்பு.

இரு சொற்றொகுதிகளுக்கு இடையே மோதல்

இதுவரை கண்டவை நிரலுக்கும் ஆவணத்துக்கும் இடையிலான மோதல்கள். நிரலில் ஒரு பிழையும் இல்லாதபோதும், ஆவணத்துக்குள்ளேயே பெயர்கள் மோதலாம். நூல் பட்டியலில் ‘தலைப்பு’ என்பது நூலின் பெயர். அதே ஆவணத்தில் நூலாசிரியரைப் பற்றிய பகுதியில் ‘தலைப்பு’ என்பது முனைவர், பேராசிரியர் போன்ற பட்டத்தைக் குறிக்கலாம். இரண்டும் வெவ்வேறு அமைப்புகள் வகுத்த சொற்றொகுதிகளிலிருந்து வந்திருந்தால், எதை மாற்றவும் நமக்கு உரிமையில்லை.

இதற்கென 1999 ஜனவரி 14 அன்று பெயர்வெளிகள் பரிந்துரை வெளியானது. ஒவ்வொரு சொற்றொகுதிக்கும் ஒரு யூஆர்ஐ அடையாளமாக வழங்கப்படுகிறது. அந்த நீண்ட அடையாளத்துக்குப் பதிலாக ஆவணத்தில் ஒரு குறுகிய முன்னொட்டு இடப்படுகிறது. பெயர்வெளி அறிவிப்பு வரிகளை விட்டுவிட்டுப் பார்த்தால் ஆவணம் இவ்வாறு இருக்கும்:

<நூ:பதிவு>
  <நூ:தலைப்பு>அறிமுக இயற்பியல்</நூ:தலைப்பு>
  <ஆள்:தலைப்பு>பேராசிரியர்</ஆள்:தலைப்பு>
</நூ:பதிவு>

மாணவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். ‘நூ’ என்ற முன்னொட்டு பெயரின் அடையாளம் அன்று. யூஆர்ஐயும் உள்ளூர்ப் பெயரும் சேர்ந்த இணையே அடையாளம். முன்னொட்டை ‘பு’ என்று மாற்றி, அதே யூஆர்ஐயைத் தந்தால் இரு ஆவணங்களும் பொருளில் ஒன்றே. மாறாக, முன்னொட்டு ஒன்றாக இருந்து யூஆர்ஐ வேறானால், அவை வெவ்வேறு பெயர்கள். யூஆர்ஐ வலை முகவரி போலத் தோன்றினாலும், அங்கு ஒரு பக்கம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை; பகுப்பி அங்கு செல்வதுமில்லை.

பைத்தானின் எலிமெண்ட்ட்ரீ இக்கருத்தை நேரடியாகவே பின்பற்றுகிறது. அதில் யூஆர்ஐயை நெளிவு அடைப்புக்குள் எழுதி, உடனே உள்ளூர்ப் பெயரை எழுத வேண்டும். கோப்பாக எழுதும்போது, முன்னொட்டு எதுவும் பதிவு செய்யப்படாவிட்டால், என்எஸ்0, என்எஸ்1 என்று தானே முன்னொட்டுகளை இட்டுக்கொள்ளும். பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் ஆவணம் முற்றிலும் சரியானது. ஆனால் பெறும் முனையில் இருப்பவர் பெயர்வெளியைப் பார்க்காமல், முன்னொட்டோடு கூடிய எழுத்துக்கோவையை மட்டும் ஒப்பிடும்படி நிரல் எழுதியிருந்தால், சரியான ஆவணத்தையும் அது மறுக்கும். ரெஜிஸ்டர்_நேம்ஸ்பேஸ் என்ற செயற்கூறால் விரும்பிய முன்னொட்டைப் பதிவு செய்து இதைத் தவிர்க்கலாம்.

நடைமுறையில் அடிக்கடி காணும் எடுத்துக்காட்டு செய்தியோடை. ஆர்எஸ்எஸ் 2.0 வடிவத்தில் லிங்க் என்ற உறுப்பு உண்டு. தளத்தின் முகவரி அதன் உள்ளே வாசகமாக இருக்கும். இவ்வுறுப்பு எந்தப் பெயர்வெளியிலும் சேராதது. ஓடையின் சொந்த முகவரியைக் குறிக்க அதே கோப்பில் ஆட்டம் சொற்றொகுதியின் லிங்க் உறுப்பும் சேர்க்கப்படுவது வழக்கம். அதன் முகவரி பண்பில் இருக்கும். உள்ளே வாசகம் இராது. பெயர்வெளியைப் புறக்கணித்து ‘லிங்க்’ என்று மட்டும் தேடும் நிரல் இரண்டில் எது முதலில் அகப்படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். சில ஓடைகளில் முகவரி வெறுமையாக வரும்.

உலாவியிலும் இத்தகைய ஓசையற்ற பிழை உண்டு. ஏ, டைட்டில், ஸ்டைல், ஸ்கிரிப்ட் ஆகிய பெயர்கள் எச்டிஎம்எல்லிலும் எஸ்விஜியிலும் பொதுவானவை. வலைப்பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டின் கிரியேட்எலிமெண்ட் செயற்கூறால் வட்டம் வரையும் சர்க்கிள் உறுப்பை உருவாக்கினால், அது எச்டிஎம்எல் பெயர்வெளியில் பிறக்கும். ஆய்வுக்கருவியில் பார்த்தால் உறுப்பு இருக்கும். திரையில் வட்டம் இருக்காது. பெயர்வெளியையும் சேர்த்துப் பெறும் கிரியேட்எலிமெண்ட்என்எஸ் செயற்கூறைப் பயன்படுத்த வேண்டும்.

முன்னொட்டில்லாத இயல்புப் பெயர்வெளி உறுப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். பண்புகளுக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முன்னொட்டில்லாத பண்பு எப்பெயர்வெளியிலும் சேராது.

தரவிலிருந்து வரும் பெயர்கள்

விரிதாளிலோ தரவுத்தளத்திலோ உள்ள நெடுவரிசைத் தலைப்புகளை அப்படியே உறுப்புப் பெயர்களாக்குவது பலர் செய்யும் வேலை. ‘வீட்டு எண்’ என்ற தலைப்பை அப்படியே எழுதினால், ‘வீட்டு’ என்பது உறுப்பின் பெயராகவும் ‘எண்’ என்பது மதிப்பில்லாத பண்பாகவும் படிக்கப்பட்டு, பகுப்பி பிழை காட்டும். ‘2024 வருவாய்’ என்பதில் முதலெழுத்தே எண்ணாக இருப்பதால் அதுவும் செல்லாது.

பொருந்தாத குறிகளையெல்லாம் அடிக்கோடாக மாற்றிவிடுவது வழக்கமான தீர்வு. இது புதிய மோதலை உண்டாக்கும். ‘மொத்த விலை’, ‘மொத்த/விலை’ என்ற இரு தலைப்புகளும் ‘மொத்த_விலை’ ஆகிவிடும். நிரல் இவற்றை அகராதி அமைப்பில் வைத்திருந்தால், இரண்டாவது மதிப்பு முதலாவதை எச்சரிக்கையின்றி அழித்துவிடும். ஒரே உறுப்பு இருமுறை வருவது எக்ஸ்எம்எல்லில் பிழையன்று. ஆனால் ஒரே பண்பு ஓர் உறுப்பில் இருமுறை வருவது ஆவணத்தையே செல்லாததாக்கும் பிழை. இரு முன்னொட்டுகள் ஒரே யூஆர்ஐயைக் குறித்தால், அவற்றோடு வரும் ஒரே பண்புப் பெயரும் இரட்டிப்பாகவே கருதப்படும்.

இதற்கு இரண்டு நல்ல வழிகள் உள்ளன.

முதல் வழி, திரும்பப் பெறத்தக்க மாற்றெழுத்து. எஸ்க்யூஎல்/எக்ஸ்எம்எல் தரத்தில் பொருந்தாத குறி ஒவ்வொன்றும் அதன் யூனிகோடு எண்ணாக எழுதப்படுகிறது: முதலில் அடிக்கோடு, பின் எக்ஸ் எழுத்து, பின் பதினாறடிமான எண், இறுதியில் மீண்டும் அடிக்கோடு. இடைவெளியின் எண் 0020. சாய்கோட்டின் எண் 002 எனத் தொடங்கி எஃப் எழுத்தில் முடிவது. குறிகள் வேறானால் எண்களும் வேறாவதால் இரு பெயர்கள் ஒன்றாகக் கலக்க இடமில்லை. பழைய பெயரை மீட்கவும் முடியும்.

இரண்டாவது வழி, தரவைப் பெயராக்காமல் தரவாகவே வைப்பது:

<புலம் பெயர்="மொத்த விலை">450</புலம்>
<புலம் பெயர்="மொத்த/விலை">425</புலம்>

பண்பின் மதிப்பில் இடைவெளியும் சாய்கோடும் தாராளமாக வரலாம். தலைப்புகளை யார் வைப்பார்கள் என்று முன்கூட்டித் தெரியாத நிலையில் இதுவே பாதுகாப்பானது. வடிவத்திட்டம் கொண்டு ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியே சரிபார்ப்பது கடினமாகும் என்பது இதன் குறை.

தமிழ்ப் பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத மோதல்

தமிழ் எழுத்துகளை உறுப்புப் பெயர்களில் பயன்படுத்துவோர் அறிய வேண்டிய சிறப்புச் சிக்கல் ஒன்று உண்டு. இங்கு இரண்டு பெயர்கள் மோதுவதில்லை. ஒரே பெயர் இரண்டாகப் பிரிகிறது.

யூனிகோடில் ஒகர, ஓகார, ஔகார உயிர்க்குறிகளை இருவகையில் குறிக்கலாம். ‘பொருள்’ என்ற சொல்லில் உள்ள ‘பொ’வின் உயிர்க்குறியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் எக்ஸ்எம்எல் 1.0 பெயர்களைக் குறியீடு குறியீடாகவே ஒப்பிடுகிறது. எனவே அவை வெவ்வேறு பெயர்கள். தொடக்கக் குறிச்சொல் ஒரு வகையிலும் முடிவுக் குறிச்சொல் மற்றொரு வகையிலும் இருந்தால், கண்ணுக்குச் சரியாகத் தெரியும் ஆவணத்தைப் பகுப்பி மறுத்துவிடும்.

பைத்தான் இதில் இன்னொரு முடிச்சைச் சேர்க்கிறது. அம்மொழி தன் மாறி, செயற்கூறுப் பெயர்களை என்எஃப்கேசி என்ற யூனிகோடு இயல்பு வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. மேற்கோளுக்குள் உள்ள சரங்களை மாற்றுவதில்லை. எல்எக்ஸ்எம்எல் நிரலகத்தில், புள்ளிக்குப் பின் ‘பொருள்’ என்று எழுதி உருவாக்கிய உறுப்பு ஒற்றைக் குறியீட்டு வடிவில் இருக்கும். அதே சொல் இரு குறியீட்டு வடிவில் தட்டச்சு செய்யப்பட்ட சரத்தைக் கொண்டு தேடினால், உறுப்பு கிடைக்காது. பெயர்கள் எங்கிருந்து வந்தாலும், எழுதும் முன் அனைத்தையும் ஒரே இயல்பு வடிவத்துக்கு மாற்றிவிடுவதே தீர்வு. பைத்தானில் யூனிகோடுடேட்டா என்ற நிரலகம் இதற்கு உதவும்.

மோதலைக் கண்டறிதல்

ஆவணம் நன்கு அமைந்துள்ளதா என்று மட்டும் சோதித்தால் போதாது. மேலே கண்ட கமெண்ட், டெக்ஸ்ட் எடுத்துக்காட்டுகள் அச்சோதனையில் தேறிவிடும். பின்வரும் சோதனைகள் உதவும்:

- திரும்பப் படித்தல்: உருவாக்கிய கோப்பை வேறொரு பகுப்பியால் படித்து, உள்ளிட்ட ஒவ்வொரு மதிப்பும் திரும்பக் கிடைக்கிறதா என்று ஒப்பிடுதல். உருவாக்கிய நிரலகத்தையே படிக்கவும் பயன்படுத்தினால் சில பிழைகள் மறைந்துவிடும்.
- எண்ணிப் பார்த்தல்: உள்ளீட்டில் உள்ள புலங்களின் எண்ணிக்கையும் வெளியீட்டில் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தல். ஒன்றையொன்று அழித்த பெயர்கள் இதில் அகப்படும்.
- வடிவத்திட்டச் சரிபார்ப்பு: கட்டாய உறுப்புகள் சரியான பெயர்வெளியில் உள்ளனவா என்பதை இது காட்டிவிடும்.
- இடர்ப் பெயர்ச் சோதனை: கிளாஸ், ஐடி, டைப், டெக்ஸ்ட், கமெண்ட், நேம், பி போன்ற பெயர்களை வேண்டுமென்றே உள்ளிட்டு, முடிவைப் பார்த்தல்.

எவ்வழியைத் தேர்வது

உறுப்புப் பெயர்கள் சிலவே, அவை முன்பே தெரிந்தவை என்றால், பெயரைச் செயற்கூறாக அழைக்கும் உருவாக்கிகள் வசதியானவை. நிரல் படிக்க எளிதாக இருக்கும். மோதும் ஓரிரு பெயர்களுக்கு மட்டும் அடிக்கோடு போன்ற தப்பும் வழியைக் கையாளலாம். பெயர்கள் வெளியிலிருந்து வருபவை என்றால், அவற்றைச் சரமாகப் பெறும் செயற்கூறுகளையே பயன்படுத்த வேண்டும். பில்டரின் டேக்!, எலிமெண்ட்ட்ரீயின் சப்எலிமெண்ட் ஆகியவை அத்தகையவை.

குறிச்சொற்களைச் சரங்களாக ஒட்டித் தாமே ஆவணத்தை எழுதிவிடுவது சிலருக்கு எளிதாகப் படலாம். மொழியின் ஒதுக்குச்சொற்களோடு அதில் மோதல் இல்லை என்பது உண்மை. ஆனால் தவறான பெயர்களைத் தடுப்பதற்கும், பெயர்வெளிகளை அறிவிப்பதற்கும், வாசகத்தில் வரும் சிறப்புக் குறிகளை மாற்றுவதற்கும் ஆளில்லை. ஒரு மோதலுக்குத் தப்பி வேறு மூன்றில் சிக்க நேரும்.

எல்லாத் தீர்வுகளுக்கும் அடிப்படை ஒன்றே. நிரலில் உள்ள பெயர் ஒரு செயலைக் குறிக்கிறது. ஆவணத்தில் உள்ள பெயர் ஒரு தரவு. முன்னதை மொழி வைத்த இடத்தில் தேடிக் கண்டுபிடிக்கும். பின்னதை எழுதியபடியே காக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் காட்டும் நிரலகங்கள் தரும் வசதியை ஏற்றுக்கொள்ளலாம். அவை எந்த இடத்தில் பிரிகின்றன என்பதைத் தெரிந்துகொண்டு ஏற்றுக்கொள்ள வேண்டும்.